ராணி வீட்டு வாசலில் நீ போட்ட கோலம்

இன்று காலை ஃப்ரீசரைத் திறந்து, உள்ளே உறைந்து கிடந்த பனியைச் சுரண்டப் போனேன். விரல் நுனி அதில் பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. ராஜபாளையத்துப் புழுக்கத்தில், என் சமையலறையில் நின்றுகொண்டு, அந்த அரண்மனைக் குளிரை மறுபடி உணர்ந்தேன். இனி நீ பதில் போடப்போவதில்லை என்று தெரிந்தும் உனக்கு எழுதுகிறேன்.

சியோலில் வேலை பார்க்கும் உன் மகன் உன்னைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். நீ பிடிகொடுக்கவில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல் என்றான். தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று நீ அடம்பிடித்ததால், அடுத்த வீட்டுக்காரியான எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டான். உன்னைத் திருப்பிக் கூட்டி வரவேண்டும் என்றுதான் நான் கிளம்பினேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

அங்கே அந்தக் காலத்து ராஜா அரண்மனையைப் பார்க்கப் போன அன்று நமக்கு எந்த அவசரமும் இல்லை. முந்தின நாள் பனி பெய்திருந்ததால் கூட்டமும் இல்லை. என் குரங்குக் குல்லாவைக் கேலி செய்துகொண்டே முற்றம் முற்றமாக நடந்தாய். பின்பக்கம் ராணியின் வீடு. மற்ற கட்டடங்களைப் போல் அதன் கூரை உச்சியில் முகடு கிடையாது. காகிதக் கதவுகள் சாத்தியிருந்தன. ராணியாக உள்ளே வந்தவர்கள் இந்தச் சுவர்களைத் தாண்டுவது அபூர்வம் என்றான் உன் மகன். நீ வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, மார்கழியும் அதுவுமா வாசல் வெறுமனே கெடக்கு பாரு, எழவு வீடு மாதிரி" என்றாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவள் நீ. உன் கை சும்மா இருக்குமா? கையுறையைக் கழற்றி, மிதிபடாத பனியில் விரலால் புள்ளி வைத்தாய். சிக்குக் கோலம். கோடு புள்ளிகளைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் சேர வேண்டும். சேர்வதற்குள் காவலர் விசிலடித்து, தள்ளிப் போகச் சொல்லிக் கையசைத்தார். அரைகுறையாக விட்டு வந்ததைக் அரண்மனைக் குளத்தங்கரை வரைக்கும் புலம்பித் தீர்த்தாய்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மறுபடி பனி தூறியது. முடிக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாய். நம்முடைய காலடித் தடங்களைப் பனி மூடிவிட்டது. வேறு தடமும் இல்லை. கோலத்தின் மேல் மட்டும் பனி விழவில்லை. விட்டுப்போன இடம் சேர்ந்திருந்தது. சேர்த்த கோடு உன்னுடையதைவிட மெல்லியது. வீட்டுக்குள்ளிருந்து கை நீட்டி இழுத்தது போல, படிப் பக்கமிருந்து வந்திருந்தது.

யாராவது சுற்றுலா வந்தவர்கள் செய்திருப்பார்கள் என்றான் உன் மகன். நானும் அவசரமாக ஆமாம் போட்டேன்.  நீ பயப்படவில்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாயே, அப்படி அந்தச் சாத்திய கதவைப் பார்த்துச் சிரித்தாய்.

"எனக்காக ஒருத்தி முடிச்சு வச்சிருக்கா. கண்டுக்காமக் கெளம்புனா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் மகனிடம், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாய். நான் தனியாகத் திரும்பினேன். அதன்பிறகு போனில் பேசும்போதெல்லாம் அரண்மனைக்குப் போய்வந்ததைச் சொல்வாய். யாரோடு போனாய் என்று கேட்டால் சிரிப்பாய். அடுத்த மார்கழி பிறப்பதற்குள் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய். அங்கேயே எரித்தார்கள். போன் திரையில்தான் பார்த்து அழுதேன்.

மகன் பாசம் பிடித்து வைத்துக்கொண்டது என்கிறார்கள் தெருவில். இருக்கலாம். உன்மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமையெல்லாம் அவள்மேல்தான். இத்தனை வருஷம் பக்கத்து வாசலில் இருந்தவள் நான்; ஒரே ஒரு கோடு இழுத்தவள் உன்னை வைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் கோலத்தில் ஒரு கோட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டு உள்ளே போகிறேன். செத்த நேரம் கழித்து வந்து பார்க்கிறேன். இதுவரை சேர்ந்ததில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து நேற்று மருமகள் மாவோடு குனிந்தாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன்.