பெட்ரோல் மூடியில் சந்தனம்

விரல் நுனியில் சந்தன வாசனை. பெட்ரோல் வாசனையும். எது முந்தி வருகிறது என்று முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன். தெரியவில்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதை வேறு யாருக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை.

நேற்று கிளட்ச் கேபிள் அறுந்தது. பாலக்கரையில் மெக்கானிக் பாயிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பெட்ரோல் மூடியைத் திறந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"எதுக்கு?"

"மூடிக்குத்தான். சந்தனம் சார் இது."

மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த படலம். பெட்ரோல் இறங்க இறங்க அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போகவேண்டுமாம். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. எஞ்சின் தடுக்கும், இருமும், நிற்கும்.

"இப்பக் காஞ்சு வெடிச்சிருக்கு, அதான் ஓடுது. ஈரமா அப்பினா மூக்கைப் பொத்தின மாதிரி."

"மூடியைத் திறந்து மூடினா?"

"காத்துப் போயிரும்ல. கொஞ்ச தூரம் ஓடும். மறுபடி நிக்கும்."

அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட மோட்டார் சைக்கிள். என் கைக்கு வந்தபோதே கிழம். மாம்பழச்சாலையில் என் அறை மாடியில். அதனால் ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். தினமும் காலையில் நடந்து வந்து எடுத்துக்கொண்டு போவேன். மன்னார்புரத்தில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் போகாமல் தப்பி, முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றேனே, அதற்கு அடுத்த வாரம்தான் கோளாறு தொடங்கியது. விழுந்ததில் ஏதோ கெட்டிருக்கிறது என்றாய். நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காவேரிப் பாலத்தின் நடுவில் நிற்கும். மறுநாள் நிற்காது. காலையில் படுத்தும் வண்டி மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நின்றால் முதலில், மூடியைக் கவனிக்காமலே திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு உதைத்தால் கிளம்பிவிடும். பிளக்தான் என்று முடிவு செய்தோம். புது பிளக் போட்டாய். பிறகு பாயிண்ட். பிறகு மேக்னெட்டோ. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய பேப்பரில் பரப்பினாய். பொன்மலையில் ரயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இது பொம்மை. பொம்மை உன்னை மாதக்கணக்கில் அவமானப்படுத்தியது.

"காரணம் இல்லாம எதுவும் நிக்காதுடா" என்பாய். கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தூரம், வெயில், மழை, வேகம். கிழமைக்கும் ஒரு கட்டம் போடட்டுமா என்று கேட்டேன்.

"ஏன், எஞ்சினுக்கு ராகுகாலம் உண்டா? காலேஜுல இதைத்தான் சொல்லிக்குடுக்கறியா வாத்தியாரே?"

சிரித்தாய். நானும் சிரித்தேன். கட்டம் போடவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. காலேஜில் நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ. பாலத்துக்கும் சத்திரத்துக்கும் இடையில் மூன்று முறை நின்றது. சட்டையெல்லாம் கரியோடு நான் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டிருந்தார்கள். மாலையில் உன் வாசலில் கத்தினேன். தெரு பார்த்தது.

"நோண்டி நோண்டி நீதான்டா கெடுத்த. இனிமே என் வண்டியத் தொடாத."

நீ கையைத் துடைத்துக்கொண்டு, "சரிடா" என்றாய். அவ்வளவுதான்.

வண்டியைக் கொண்டுவந்து என் மாடிப்படிக்கு அடியில் எப்படியோ நெருக்கித் திணித்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அது நிற்கவில்லை. உன் கை படாத வண்டி ஓடுகிறது. ஆகவே உன் கைதான் காரணம். சுத்தமான தர்க்கம். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இரண்டு மாதத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பினேன்.

தர்க்கம் இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் குழப்பம். உன் கைதான். ஆனால் சந்தனமா? நீயா?

இன்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்தார்கள். நேராகக் கேட்டுவிட்டேன்.

"நீதான் வண்டிக்கு சந்தனம் வச்சியாம்மா?"

"நானா? அவருதான் அண்ணே. நீங்க பஸ்ஸுல மாட்டப் பாத்தீங்களே, அதுலேருந்து. வெள்ளி, செவ்வாய் காலைல நான் அம்மன் படத்துக்கு அரைச்சு வைப்பேன்ல, ஒரு விரல் வழிச்சுக்கிட்டுப் போயிருவாரு. தெருவைப் பாத்துக்கிட்டே பூசுவாரு. கட்சிக்காரங்க யாராச்சும் வந்துட்டா?"

அப்படியானால் உன் விரல் எங்கே பட்டது என்று நீ பார்க்கவே இல்லை. ஒவ்வொரு திருகையும் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கிறவன்.

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம? ஊர்ல உள்ள சாமியெல்லாம் இல்லேங்கறீங்க, அண்ணன் வேற வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, இது யாருக்குன்னேன். 'சாமி இல்லேங்கறது என் கட்சிடி. அதுக்கு அவன் எதுக்கு அடிபடணும்'னாரு."

காபி ஆறிப்போயிருந்தது.

"அன்னிக்கு உங்களுக்கு இன்டர்வியூன்னு ரெண்டு தடவை வந்து வழிச்சாரு. அம்மனுக்கு மிச்சம் வைங்கன்னு சிரிச்சேன்."

நோட்டில் கிழமைக்குக் கட்டம் கேட்டதற்குச் சிரித்தாயே, அப்போது உனக்கு ஏதாவது தட்டியதா? ஒரு நொடி? அல்லது அது என்னைப் போலவே ஒன்றும் தெரியாத சிரிப்பா? உனக்குத் தெரிந்திருந்தால் 'சரிடா' என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம். தெரியாவிட்டால் வேறு அர்த்தம். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்கள்.

"வண்டி இப்ப நல்லா ஓடுதா அண்ணே?"

"ஓடுதும்மா. நிக்கிறதே இல்ல."

"அவரு வச்ச கை" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் வெகுநாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது.

துளையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்று வந்தது.

எதற்கும் காரணம் சொல்லவேண்டும் என்கிற நீ இதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டாய். நான் சொன்னது பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை.