கார்டு அப்புறம் வாங்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுத முடியாது. நானும் அப்பாவும் நிதானமாக இருக்கிறோம். அறுவை சிகிச்சை வரும் புதன் காலை. குரல்வளையை முழுவதும் எடுக்கிறார்கள். செவ்வாய் வரை அவர் பேசலாம். அதற்குப் பிறகு, நீ சொன்னபடி, கம்ப்யூட்டர்தான் அவர் குரலில் பேச வேண்டும்.

நீ அனுப்பிய பட்டியல்படியே எல்லாம் வாங்கினேன். பதிந்த குரலை வைத்துப் புதுப் பேச்சு உண்டாக்க கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம், மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்படியே கார்டு உயர்ந்த ரகம். பவர் சப்ளையும் கேபினெட்டும் கிடைத்தவை. நானே எல்லாவற்றையும் பொருத்தினேன். பிராசஸரை உட்காரவைக்கும்போது மூச்சே விடவில்லை. அப்பா டார்ச் பிடித்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர் இல்லையா, எந்த ஸ்குரூவை எத்தனை மணிக்கு முடுக்கினேன் என்றுகூடக் குறித்து வைத்திருக்கிறார்.

உன் பெயரை எடுக்காமல், பட்டியல் கடைக்காரர் எழுதியது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். கடைக்காரன் இவ்வளவு சுத்தமா ஒண்ணு, ரெண்டு போட்டு எழுதமாட்டான் என்றார்.

போன ஞாயிறு பதிவைத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம்தான் முடிகிறது. பிறகு இருமல் வந்துவிடுகிறது. மூன்று நாளில் நூற்றிருபது சேர்த்தோம். புதனன்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, உங்கப்பா என்ன, பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்தா படிச்சாரு என்று கேட்டார். எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ஓர் இரைச்சல். ஒன்றுகூடத் தேறாது என்றார்.

தப்பு என்னுடையது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிந்தோம். வியர்த்துப்போனதால், பதிந்ததைச் சரிபார்க்கும்போது விசிறியைப் போட்டுக்கொண்டோம். அதன் சத்தத்தில், பதிவில் ஏறியிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் சத்தம் காதில் விழவில்லை. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கேட்டுவிட்டு, முப்பது வருஷம் பஸ்ஸுக்கு நடுவுலதானே கத்தினேன், பழகிப்போச்சு என்று சிரித்தார்.

பெட்டியைச் சமையலறைக்கு மாற்றிப் பார்த்தேன். மைக் ஒயர் எட்டவில்லை. போனில் பதியலாமா என்றால், அது இரைச்சலோடு குரலையும் சேர்த்துச் சலித்துவிடும், வேண்டாம் என்கிறார் அந்த அம்மா. அதனால் அன்று மாலையே கார்டைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டேன். ஊரே இதுக்கு வரிசையில நிக்குது, நீங்க திருப்பித் தர்றீங்களேக்கா என்றார் கடைக்காரர். கையில் வேறு பணம் இல்லை; அந்தப் பணத்தில்தான் சத்தமில்லாத பவர் சப்ளை, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், ஒரு ஹெட்போன், பதிந்ததை இரண்டாவது இடத்திலும் வைக்க இன்னொரு டிஸ்க் ஆகியவற்றை வாங்கினேன். கார்டு இல்லாமலும் திரையில் படம் வருகிறது. குரல் உண்டாக்கும் வேலை நடக்காது, தெரியும். அதை அடுத்த மாதம் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். உன் கணக்கை மாற்றிவிட்டேன் என்று வருத்தப்படாதே.

வியாழனிலிருந்து இன்று சனி வரை சுத்தமாக நூற்றுப் பத்து வாக்கியம் ஆகிவிட்டது. நூற்றைம்பது இருந்தால் போதுமாம்.

வீட்டில் அடிக்கடி பேசுவதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவே எழுதினார்: கதவைச் சாத்து, காபியில சக்கரை எங்கே, அந்த டி.வி.யை அமத்து. கடைசியில் உன்னை அவர் கூப்பிடும் செல்லப்பெயரை நான் எழுதி நீட்டினேன். பேனாவை வாங்கி அதை மட்டும் அடித்துவிட்டார். இன்னுமா கோபம் என்று கேட்டேவிட்டேன். மிஷின்கிட்ட எதுக்குடி அதைச் சொல்லணும், அவனுக்குக் காது இல்லையா என்றார்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு மேல் பதிவு வேண்டாம், தொண்டையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். போன் அவர் பக்கத்திலேயே இருக்கும். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் நீ பேசவே வேண்டாம். கூப்பிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிரு, போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா