எடை குறைந்த களஞ்சியம்

இன்று காலை இழுப்பறையில் உன் சீடிக் கட்டு அகப்பட்டது. மேலே மார்க்கரில் உன் கையெழுத்து: "அழிக்காதீங்க மிஸ்." இன்றும் ஒரு கணினிக் களஞ்சியத்தை வேறு சேமிப்பு முறைக்கு மாற்றும் நாள்தான்.

ஹட்டன் அலுவலகத்தில் நம் இருவருக்கும் ஒரே வயது. பல்கலைக்கழகம் போன குற்றத்துக்காக என்னை மிஸ் ஆக்கிவிட்டாய். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வீட்டுத் துண்டுகளின் வரைபடங்கள் நம்மிடம் இருந்தன. யார் எதைத் திருத்தினாலும் பழையதும் புதியதும் களஞ்சியத்தில் நிற்கும்; தகராறு வந்தால் அதுதான் சாட்சி. அதிலேயே தினமும் காலையில் நீ பெரட்டும் எடுத்தாய், வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதிந்து. தோட்டத்துப் பழக்கம் விடவில்லை.

வரைபடங்கள் பெருத்துக் கணினியில் இடம் தீர்ந்தபோது, எல்லாவற்றையும் சுருக்கி வைக்கும் புது முறைக்கு மாற்றினேன். யாரும் கை வைக்க வேண்டாம் என்று வாயால் சொன்னதோடு சரி, பூட்டவில்லை.

மதியம் மாற்றம் முடிந்தது. புதியது பழையதில் பாதிதான் இருந்தது. பழையதை அழிக்கப் போனேன். நீ கொழுந்து பறித்தவளின் மகள். மலையில் எடை போட்ட கொழுந்து தொழிற்சாலையில் எடை குறைந்தால் விடுவாயா?

"பாதியக் காணோமேங்க மிஸ்."

சுருக்கினால் சிறுக்கும் என்று விளக்கினேன். பணிவாகத் தலையாட்டிவிட்டு, திருத்தங்களை இரண்டு பக்கமும் எண்ண உட்கார்ந்தாய். தேநீர் ஆறியது. புதியதில் இரண்டு குறைந்தன.

ஒன்று, மாற்றம் நடக்கும்போதே நீ போட்ட அன்றைய பெரட்டு. ஒரு நாள் பெயர் விழாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று சீறினேன்.

"பேரு விழலைன்னா அன்னிக்கு நாம வரலைன்னுதாங்க அர்த்தம்" என்றபடியே இரண்டாவதைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினாய். லிந்துலைக் குடும்பமொன்றின் கக்கூஸைப் பக்கத்து வீட்டுத் துண்டிலிருந்து மீட்டுக் கொடுத்த திருத்தம். அன்று பதினொரு மணிக்கு, மாற்றத்தின் நடுவே, அதைச் செய்தவள் நான்.

"மிஸ் பேரும் விழலைங்க."

பூட்டிவிட்டு முதலிலிருந்து மாற்றினேன். நீ பழையதைச் சீடிகளில் ஏற்றி, என்னிடமிருந்து காப்பாற்ற என்னிடமே கொடுத்தாய்.

இன்று முதலில் பூட்டினேன். கணினியே சரிபார்க்குமே என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். பார்க்கும்தான். இருந்தாலும் இரண்டு பக்கமும் எண்ணினேன், சரியாக இருந்தது. பிறகு பூட்டைத் திறந்து, புதியதில் முதல் பதிவாகப் பெரட்டு எடுத்தேன். என் பெயர், அதன் கீழே உன் பெயர்.

நீ இங்கே இல்லாத நாளில் இது பொய்ப் பெரட்டு என்று தெரியும். அழிக்க மாட்டேன்.