சாம்பல்மரத்துக்கு ஒரு சட்டம்

மார்ச் 4

சட்டம் வந்துவிட்டது. சாம்பல்மரத்தை வெட்டினால் சிறை. ஆறு வருடம் கடிதம் எழுதியவள் நான். எங்கள் வனத்துறை அலுவலகத்தில் கேக் வெட்டியவர் இயக்குநர். “இனி இந்த மரத்த எவனும் தொட முடியாது” என்றார்.

காடு மேய்ச்சல் நிலமானதில் பெரிய மரம் பத்தொன்பதுதான் மிச்சம். ஆனால் கொக்கோ தோட்டங்களின் நிழலில் நூற்று நாற்பது கன்றுகள் இருக்கின்றன. நானே நடந்து எண்ணினேன். அவை வளர்ந்தால் போதும்.

மார்ச் 11

வீடு வீடாகப் போய்ச் சட்டத்தை அறிவித்தேன். கன்றை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, ஏதோ செடி என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நல்ல வேளை, இலையை வரைந்து அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு இரண்டாகக் கேட்டு வாங்கினார்கள். இவர்களுக்கு இத்தனை அக்கறையா? நெகிழ்ந்துபோனேன்.

மார்ச் 26

பக்கத்துத் தோட்டத்து ஜெனிவால் களையெடுத்து முடித்திருந்தான். நான் எண்ணிவைத்த பன்னிரண்டு கன்றில் ஒன்றுகூட இல்லை. என் படம் அரிவாள் மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

“வளந்துட்டா வெட்ட முடியாது. அப்புறம் அந்த இடம் என்னுதா, மரத்தோடதா? அதான் இப்பவே புடுங்கிட்டேன்.”

“சட்டம் இருக்கு ஜெனிவால்.”

“மரத்த வெட்டக் கூடாதுன்னுதானே இருக்கு? கன்னு மரமா நொயேமியாக்கா? நீங்க படம் குடுக்கலேன்னா எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

காப்பி வேறு கொடுத்தான். குடித்துத் தொலைத்தேன்.

ஆளுயரத்துக்கு மேல் இருந்தால்தான் மரம் — சட்டத்துக்கு அப்படி எழுதிக்கொடுத்தது யார்? நான்தான்.

ஏப்ரல் 9

மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பதில் முப்பத்தொன்றுதான் மிச்சம்.

ஏப்ரல் 15

இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. மாவட்டத்தில் ஒரு மரம்கூட வெட்டப்படவில்லையாம். இன்னும் ஐந்நூறு படம் அச்சடிக்கச் சொல்கிறார். நடப்பதைச் சொன்னேன். “அறிக்கை அனுப்பியாச்சும்மா” என்றார்.

மே 3

எங்கள் நிலத்திலேயே மூன்று கன்று. அதுவும் தம்பி அதெமார் கொக்கோ காயவைக்கத் தளம் போடப்போகும் இடத்தில்.

“ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன்க்கா. அப்புறம் நானே புடுங்கிருவேன். உன் செடிக்காக என் கொக்கோ பூசணம் புடிக்கணுமா?”

வேறிடத்தில் நடலாம். அதற்கு மாநிலத் தலைநகர் சல்வதோரிலிருந்து அனுமதி வேண்டும், குறைந்தது பதினொரு மாதம். செடி திருடி விற்பவர்களைத் தடுக்க அந்தச் சட்டப் பிரிவையும் நானேதான் கெஞ்சிச் சேர்த்தேன். பிடுங்கி எறிந்தால் குற்றமில்லை. எடுத்து நட்டால் குற்றம். என்ன பொழப்புடி இது நொயேமியா?

மே 8

மழை. மூன்றையும் வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் சுற்றி, ஓடைக்கு மேலே காட்டோரம் நடக் கொண்டுபோனேன். பாதி வழியில் ஜெனிவால். சாக்குக்கு வெளியே இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“நீங்களுமாக்கா?” என்றான், சந்தோஷமாக.

நடப்போகிறேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். என் வேலை போகும். கன்றுகள் சாட்சிப் பொருளாக அலுவலக மேசையில் கிடந்து வாடும்.

“ஆமா, புடுங்கிட்டேன்” என்றேன்.

தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.