நைனா துண்டை மடிச்ச சீசன்

பங்காருபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

கனடா சீமையில இருக்கிற என் செல்ல மகள் நந்திதாவுக்கு உன் சின்ன நைனா செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சின்னம்மா, எங்கண்ணன் அதான் உங்க நைனா, அம்மா, பூ விட்டு நிக்கிற தோட்டத்து மாமரம் வரைக்கும் எல்லாரும் வெங்கடேசப் பெருமாள் தயவுல நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில காதை மூடிக்கினு நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். போன வாரம் நீ போன்ல அழுதுகினே, நைனாவுக்கு அப்புறம் மாங்காய் மண்டியைப் பாக்க ஆள் இல்ல, நான் வேலையை ராஜினாமா பண்ணிட்டு வந்துடறேன்னு சொன்னியாம். அதுலேர்ந்து உங்கம்மா சரியா துன்னறதில்ல. உங்க நைனா போன்ல பத்து வார்த்தைக்கு மேல பேசற ஆளா, அதனால நான் பேனாவை எடுத்தேன். எட்டாவதுதான் படிச்சேன்னாலும் இந்த ஜில்லாவுல என்னை மாதிரி லெட்டர் எழுத ஆள் கிடையாது, ஒருமுறை என் மனுவைப் படிச்சுட்டு கலெக்டர் ஆபீசே எழுந்து நின்னுச்சு, அது வேற கதை. நீ அந்த ராஜினாமாவை எழுதாத, எழுதியிருந்தா குடுக்காத. மண்டிக்கு ஆள் வந்தாச்சு. உங்க நைனா உடம்புக்கும் ஒண்ணுமில்ல, கொஞ்சம் சக்கரை, அவ்வளவுதான், நேத்து கூட தோட்டத்துல ஒரு கூடை எருவை ஒத்தக் கையில தூக்கினாரு, இல்ல ரெண்டு கூடைன்னே வெச்சுக்கோ.

எல்லாம் மூணு வருஷமா அவரு மனசுக்குள்ளயே போட்டு வெச்ச திட்டம் கண்ணு, எழுதி முடியற வரைக்கும் உன்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னுட்டாரு. முதல்ல என்கிட்டதான் மண்டியைக் குடுக்க வந்தாரு, நான்தான் பெருந்தன்மையா வேணாம்னுட்டேன். அவரு சொன்னது என்னவோ, உன் வாயை வெச்சுக்கினு துண்டுக்குள்ள யாவாரம் பண்ண முடியாதுடா, வெலையை ஊருக்கே சொல்லிடுவே நீன்னு. அப்புறம் நம்ம சாய்குமாரைக் கேட்டாரு. என் புள்ள என்ன சொன்னான் தெரியுமா, பெரிய நைனா, மாங்காய் ரெண்டு மாசம், மிச்ச நாளெல்லாம் ஈ ஓட்டணும், எனக்கு சத்தியவேட்டுல கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சோறும் போதும்னுட்டான். உங்க நைனா கோச்சுக்கல. மனசில்லாதவன் கையில குடுத்தா மண்டியும் போவும் புள்ளையும் போவான்னு விட்டுட்டாரு. மூணாவதா அவரு கண்ணு பட்டது யார் மேலன்னா, உன் அத்தை மக சுந்தரி மேல. ஆறு வருஷமா எடை மேடையில நின்னுக்கினு லாரிக்காரனையெல்லாம் அதட்டற அதே சுந்தரிதான். வாய் நீளம், ஆனா மண்டி மேல உயிரு.

இங்கதான் சிக்கல். நம்ம மண்டியில வெலை எப்படி முடியும்னு உனக்கே தெரியும், யாவாரியும் மண்டிக்காரரும் துண்டுக்கு அடியில கையைப் புடிச்சுக்கினு விரலை அமுக்கித்தான் பேசுவாங்க. அதுல உங்க நைனா கை ராஜா கை. அவரு விரல் ஒரு அமுக்கு அமுக்கினா ஜூஸ் பேக்டரிக்கு வாங்கற கன்னையாவுக்கு வேர்த்துக் கொட்டும், பம்பாய்லேர்ந்து வர்ற சேட்டுங்க அந்தக் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு போவாங்க. போன சீசன் ஆரம்பத்துல, இனிமே சுந்தரிதான் வெலை பேசுவான்னு இவரு சொன்னதும் கன்னையா எழுந்து நின்னுட்டான். அதி எட்லா அன்னா, அதெப்படிண்ணா, பொம்பளைப் புள்ள கையைத் துண்டுக்குள்ள எப்படிப் புடிக்கறது, எம் பொண்டாட்டி சோறு போடுவாளான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. சுந்தரி மட்டும் வுடல, கன்னையாண்ணா, கையைப் புடிக்க ஆசையா இருந்தா வீட்டுல அண்ணி கையைப் புடி, இங்க வெலையைச் சொல்லுன்னா. கேட்டுக்கினு இருந்த எனக்கே கை தட்டணும் போல ஆயிடுச்சு, தட்டியும் புட்டேன்.

மறுநாள் உங்க நைனா செஞ்சதை நீ பாத்திருக்கணும். தோத்தாபுரி மாங்காய் மலை மாதிரி குமிஞ்சு கிடக்குது, கன்னையா வழக்கம்போல கையை நீட்டறான். இவரு தோள்ல இருந்த துண்டை எடுத்தாரு, நாலா மடிச்சாரு, நாற்காலியில போட்டு அதும்மேல உக்காந்துட்டாரு. இனிமே இந்த மண்டியில வாயால சொல்லுப்பா கன்னையான்னாரு. முப்பது வருஷமா அவரை ராஜாவா வெச்சதே அந்தத் துண்டுதான் கண்ணு, சுந்தரி நிக்கறதுக்கு இடம் வேணும்னு அதை அவரே எடுத்துட்டாரு. ரெண்டு நாள் யாவாரிங்க பக்கத்து மண்டிக்குப் போயிட்டாங்க. காய் பழுக்க ஆரம்பிச்சுது. மாமா, எனக்காக மண்டியைக் கெடுத்துக்காதீங்க, துண்டைப் போட்டுக்கோங்கன்னு அவளே கெஞ்சினா. உங்க நைனா அசையல. கையி நடுங்கறதுக்கு முன்னாடி கையை எடுத்துடணும்மா, நடுங்கினப்புறம் எடுத்தா அதை எவனும் நம்ப மாட்டான்னாரு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தங்க காய்க்கு என்ன வெலை கேக்கறாங்கன்னு மாந்தோட்டக்காரங்க மொதமொதலா தங்க காதாலயே கேக்கலாம் இல்ல, அந்தச் சேதி ஊர் ஊராப் போச்சு. மூணாம் நாள் டிராக்டர் வரிசை ஹைவே வரைக்கும் நின்னுச்சு, சித்தூர் வரைக்கும்னு எழுதலாம்னு பாத்தேன், நீ நம்ப மாட்டே. காய் எங்க இருக்குதோ அங்கதானே யாவாரி வந்தாவணும். கன்னையா வந்து நின்னு தொண்டையைக் கனைச்சுக்கினு வெலையைச் சொன்னான், சுந்தரி ஏத்தினா, அவனும் கொஞ்சம் ஏறி வந்தான், முடிஞ்சுது. வெலையைக் கூவறதுக்கு உங்க நைனா என்னைக் கூப்புட்டு, இப்பதாண்டா உன் வாய்க்கு வேலை வந்துச்சுன்னாரு. என்னையும் கணக்குல வெச்சிருக்காரு பாரு. என் கொரலைக் கேட்டு ரெண்டு மண்டிக்காரங்க மைக்கை வித்துட்டாங்க.

போன சீசன் பூரா அவரு அந்தத் துண்டு மேல வாயைத் திறக்காம உக்காந்திருந்தாரு. சுந்தரி ரெண்டு தரம் வெலையில தப்பு பண்ணிட்டா, அப்பவும் குறுக்க வரல. தை பொறந்ததும் சித்தூர்ல ஆடிட்டரை வெச்சு எழுதி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, மண்டி நடத்தறது சுந்தரி, உனக்குப் பங்கு அப்படியே இருக்குது, தோட்டமும் வீடும் உனக்கு. ஆடிட்டர் என்கிட்ட, உங்க அண்ணன் மாதிரி முன்கூட்டியே யோசிச்ச ஆளை நான் பாத்ததில்லைன்னாரு. அவரு சொல்லாட்டியும் நான் எழுதியிருப்பேன்.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. பத்திரம் முடிஞ்சு நானும் உங்க நைனாவும் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கினு, பஸ் ஸ்டாண்டுல சித்தூர் வண்டிக்குக் காத்திருந்தோம். நந்திதா வேலையை வுட வேணாம், லீவுல வரட்டும்னாரு. எத்தினி வாரம்னு கேட்டேன். பையிலேர்ந்து அந்தப் பழைய துண்டை எடுத்து என் கை மேல போட்டாரு. விரலுக்கு ஒரு வாரம்னு புரிஞ்சுது. உன் ஆபீசை நினைச்சு நான் ரெண்டு விரலைப் புடிச்சேன். அவரு அஞ்சையும் சேத்து அமுக்கினாரு. நான் மூணுக்கு வந்தேன். அவரு நாலுல நின்னுட்டாரு, அதுக்கு மேல எறங்கல, நானும் சரின்னு அமுக்கிட்டேன். வெலை முடிஞ்சா கையை வுட்டுடணும், அதுதான் மண்டி வழக்கம். சித்தூர் பஸ் வர்ற வரைக்கும் அவரு வுடல கண்ணு.

அதனால ஜூன் மாசம் நாலு வாரம், என் வாக்கைக் காப்பாத்து. நேரத்துக்குத் துன்னு, பனியில வழுக்கி வுழுந்துடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. உங்கம்மா ஆவக்காய் ஊறுகாய்க்கு உப்பு காய வெச்சுட்டா. பெருமாள் உங்களுக்கு நிறைஞ்ச ஆயுசும் கை நிறைய புள்ளைங்களும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
எப்பவும் உன் பக்கமே வெலை பேசற
சின்ன நைனா செங்கல்வராயன்