கனவைக் கைமாற்றுகிறவர்கள்

மார்ச் 4

என்னைக் கேட்காமலே என்னைக் கனவிலிருந்து எடுத்துவிட்டார்கள். செயலாளர் ஃபோனில் சொன்னாள். கல்லூரி விடுதியில் ஒரு வருஷம் செயலாளராக இருந்தவள். இந்த வயதிலும் அந்தப் பதவியை விட்டு இறங்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதடி. கனவுன்னா ஆளுக்குக் கொஞ்சம் சேக்கணும். நீ எதையாவது எடுத்துடுற. வக்கீல் கனவுல ஏரி மேல வீடு கட்டினா, தூண் எங்கன்னு கேக்குற. டிகிரி முடிச்ச நாங்க நாலு பேரும் யோசிச்சுத்தான்..."

அங்கே நிறுத்திக்கொண்டாள். டிகிரி என்ற சொல் வாய் தவறி வந்துவிட்டதாம். இத்தனை வருஷம் வாயிலேயே வைத்திருந்தால்தானே தவறி வரும்?

மார்ச் 5

கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

விடுதி அறையில் ஐந்து கட்டில்கள் ஒரே வரிசையில் கிடந்தன. விடிந்ததும் முதல் கட்டில்காரி தன் கனவை இரண்டாம் கட்டிலுக்குச் சொல்வாள். அவள் கொஞ்சம் சேர்த்து மூன்றாம் கட்டிலுக்கு. ஐந்தாம் கட்டில் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்டவளுக்கே அடையாளம் தெரியாது. சன்னல் வழியாக வரும் வெளிச்சம்கூட அந்தக் கனவுக்குள் இருந்துதான் வருகிறதோ என்று தோன்றும்.

இரண்டாம் வருஷம் அப்பா படுத்துவிட்டார். நான் படிப்பை விட்டேன். ஒரு கட்டட அலுவலகத்தில் பழைய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து நானே வரையக் கற்றேன். நான் வரைந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்றும் விழவில்லை.

எல்லோரும் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு ஃபோனில் மறுபடி தொடங்கினோம். அதே வரிசை, அதே பட்டப்பெயர்கள்: வக்கீல், குருவி, நான், செயலாளர், வாத்தியார். இனிமேல் குருவி என்னைத் தாண்டிச் செயலாளரை அழைக்க வேண்டுமாம்.

மார்ச் 6

காலையில் ஃபோன் அடித்தது. குருவி.

"கேளுடி. ரயில் நிலையத்துல மழை கீழேருந்து மேல பெய்யுதாம். அது வக்கீலோடது. எல்லாரும் குடைய தலைகீழா புடிச்சிருக்காங்க, அது நான் சேத்தது."

வேறு எதுவும் சொல்லவில்லை. மற்ற மூவரையும் மீறி எனக்குச் சொல்கிறாள். அவ்வளவு மெல்லிய குரலுக்குள் இவ்வளவு துணிச்சலா? நான் யாருக்கும் சொல்லாமல் கனவை என்னிடமே வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க வீட்டுத் தரை ஈரமாகவே இருந்தது போலிருந்தது.

மார்ச் 9

செயலாளர் அழைத்தாள். "குருவி உன்ன கூப்பிடுறாளா? கனவு எங்களுக்கு வந்து சேரவே மாட்டேங்குது."

"அவ யார கூப்பிட்டா உனக்கென்ன?" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 10

இன்றைய கனவில் ஒரு பசு மாடிப்படி ஏறியது. எப்படி இறங்கும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 14

குருவி பாதிக் கனவில் நின்றுவிட்டாள். ஃபோனை மகள் வாங்கினாள்.

"பெரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. செயலாளர் பெரியம்மா நம்பர பெருசா எழுதி ஃபோனுக்கு மேலயே ஒட்டி வெச்சேன். அம்மா கை உங்க நம்பருக்குத்தான் போகுது. பாக்காமலே அழுத்துறாங்க. முந்தாநாள் என்னையே, நீ எந்த ரூம்னு கேட்டாங்க."

குருவி என் பக்கம் நிக்குறான்னுல்ல நான் நெனச்சேன். துணிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னை நீக்கினதே அவளுக்கு ஞாபகத்துல தங்கல. அவளப் பொறுத்தவரைக்கும் நான் இன்னும் மூணாவது கட்டில்லதான் படுத்திருக்கேன். எழுந்திரிச்சா பக்கத்துல நான். அவ்வளவுதான்.

இது துணிச்சலைவிடப் பெரிசா, சின்னதா?

மார்ச் 15

செயலாளர்: "குருவிய இனிமே சிரமப்படுத்த வேணாம்னு பாக்குறோம். வக்கீல் நேரா எனக்கே சொல்லிடுவா."

"யாருக்குச் சிரமம்? அவளுக்கா, உங்களுக்கா?"

என்னை எடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவளை எடுத்தால் அவளுக்குக் கோபம்கூட வராது. காலையில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

மார்ச் 17

குருவி அழைத்தாள். வெகுநேரம் மூச்சு மட்டும்.

"நான்தாண்டி," என்றேன்.

"வக்கீல் கூப்பிடல. எங்கிட்ட கனவே இல்ல. இப்ப நான் உனக்கு என்னத்த சொல்றது?"

குரலில் பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவளின் பயம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதுவரை ஒரு கனவுக்கும் ஒன்றும் சேர்த்தவளில்லை நான்.

"சரி, இன்னிக்கு நான் சொல்றேன். நாம ரெண்டு பேரும் ஒரு தெருவுல போறோம். வீடெல்லாம் தூங்குது. ஒவ்வொரு வீடும் மூச்சு விடுது. சன்னல் திரை உள்ள போகுது, வெளிய வருது."

"ம். அப்புறம்?"

"நீ சேக்கணும்."

யோசித்தாள். "நாம செருப்ப கழட்டி கையில எடுத்துக்கிட்டோம். எந்த வீடும் முழிச்சுக்கக் கூடாதில்ல."

பிறகு செயலாளரை நானே அழைத்தேன். சமாதானத்துக்கு இல்லை. கனவை ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

"வீடு மூச்சு விடுமாடி? நீயா இத சொல்ற?"

"விடும். அடுத்தது நீ. வாத்தியாருக்குச் சொல்லு. குருவிய எடுத்தா, நீங்க மூணு பேரும் எனக்கு யாரோ."

செயலாளர் மெதுவாக, "தெருக்கோடில ஒரு வீடு மட்டும் குறட்டை விடுது," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. வைத்த பிறகு சிரித்தேன்.

மார்ச் 20

வக்கீல் இனி முதலில் குருவியைத்தான் அழைக்க வேண்டும். குருவி நேற்றையதையே திருப்பிச் சொன்னாலும் புதுசு போலக் கேட்க வேண்டும். வழக்காடக் கூடாது.

குருவியின் மகள் ஃபோனுக்கு மேல் ஒட்டியதைக் கிழித்துவிட வேண்டும். கை போகிற இடத்துக்கே போகட்டும்.

வாத்தியார் கனவைச் சுருக்கக் கூடாது. அவளுக்கு எல்லாவற்றையும் சுருக்கும் வியாதி.

செயலாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஃபோனில் இல்லை, நேரில் வந்து. அதுவரை அவளுக்குக் கனவு மட்டும்தான் சொல்வேன். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன்.

குருவியிடம் நான் எடுத்த எடுப்பில் பேசுவது யார் என்று சொல்ல வேண்டும். அவளை யோசிக்க விடக் கூடாது. அவள் அழைக்காத காலையில் நான் அழைக்க வேண்டும்.

குருவி ஒன்றும் செய்ய வேண்டாம். எழுந்திருந்தால் போதும்.