எட்டுச் சொட்டு

6 மே 1986, செவ்வாய்
இன்றும் பச்சை. நான் பல் விளக்குமுன்பே வீட்டுக்காரர் கையில் டெஸ்ட் டியூப். நீல மருந்தில் என் மூத்திரம் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. இருந்தால் பச்சை, மஞ்சள், மிஞ்சிப்போனால் செங்கல் நிறம். சர்ச் பூசையில் சாமியார்கூட இத்தனை பக்தியாகக் கிண்ணத்தைத் தூக்கமாட்டார்.

பச்சை என்றால் மதியம் களி பாதி உருண்டைதான். மாம்பழத்தைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. நான் அலமாரியைத் திறந்தால் அப்பாவிடம் சொல்ல வேண்டுமாம், பாக்கியமேரிக்கு உத்தரவு. பெற்ற மகளே எனக்குக் காவல்.

9 மே, வெள்ளி
தருமபுரியில் தங்கை மகனுக்கு அடுத்த வாரம் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிறான். போகணும் என்றேன். "மொதல்ல நீலம் வரட்டும். அங்க போயி பாயசத்தக் குடிச்சிட்டு மயங்கி உளுந்தா யாரு தூக்கறது?" என்றார். எல்லாம் என் நல்லதுக்குத்தான். அந்த நல்லதுக்குள்ளேயே மூச்சு முட்டுகிறது. யாரிடம் சொல்ல?

11 மே
மஞ்சள்.

12 மே, திங்கள்
துணிந்துவிட்டேன். பாக்கியத்திடம் கெஞ்சி, அவளுடையதை என் பாட்டிலில் வாங்கி வைத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பதினேழு வயசுப் பெண், நீலம் நிச்சயம் என்றிருந்தேன்.

செங்கல் நிறம்.

"திருட்டுத்தனமா என்னத்தத் தின்ன?" என்றார். பாக்கியம் கதவோரம் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு எங்கே தெரியும்.

13 மே
அவர் ஆபீசுக்குப் போனதும் நானே காய்ச்சினேன். அவளுடையது மறுபடியும் செங்கல். மாம்பழம் தின்றதாலா? கழுத்தெலும்பு எப்போதிருந்து இப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது? சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாளே, வெயிலுக்குன்னு இல்ல நெனச்சேன். புருசனும் பொண்டாட்டியும் என் டியூபையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.

சொன்னா என் திருட்டு வெளிய வரும். அது போகட்டும். பொண்ணுக்குச் சர்க்கரைன்னு ஊருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா? சொல்லாம இருந்தா— எழுதவே பயமா இருக்கு.

14 மே
விடியுமுன் சொல்லிவிட்டேன். "முந்தாநேத்து நீங்க காச்சினது என்னுது இல்லீங்க. பாக்கியத்தோடது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எழுந்து பாயைச் சுருட்டி வைத்தார். பிறகு, "அவளக் கெளப்பு" என்றார். முதல் பஸ்ஸில் தருமபுரி. போகணும் போகணும் என்று அழுதேனே, இப்படியா போகணும்.

18 மே, ஞாயிறு
ஆஸ்பத்திரி. தினமும் இன்சுலின் ஊசி, ஆயுசுக்கும் என்றார் டாக்டர். "ஆயுசுக்கும்னா எத்தன நாளும்மா?" என்று பாக்கியம் கேட்டாள். தலை வாரிவிட்டேன்.

15 ஜூன், ஞாயிறு
காலையில் என்னுடையதை நானே காய்ச்சினேன். நீலம். திருட்டில்லாத நீலம். டியூபைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அவர் ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டு, மகளின் தொடையில் நேற்றுக் குத்திய இடம் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கொல்லைக்குப் போய்க் கொட்டிவிட்டேன்.